ரெய்க்யவிக் ஓபன்: 'நாற்பதாவது இடம்' என்று அச்சடிப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஓபன் (யார் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடக்கூடிய) சதுரங்கப் போட்டிகளுக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்வரும் காலம் இது. விளையாட்டுப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்குகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலான செய்திகள் 'இன்னார் 40-வது இடம் பிடித்தார்', 'ஏமாற்றம் அளித்தார்' என்ற அளவிலேயே முடிந்துவிடுகின்றன. ஓபன் போட்டியில் 'இடம்' என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதைத் தலைப்பில் போடுவதால், பிரமாதமாக ஆடிய பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழுகிறது. சுமாராக ஆடியவருக்கு மாலை விழுகிறது. நடுவர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

பொதுவாகப் பேசினால் புரியாது என்பதால் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் ஓபனையே எடுத்துக்கொள்கிறோம். 1964-ல் முதன்முதலாக நடந்தபோது அது ஓபன் அல்ல. 14 பேர், எல்லாரும் எல்லாரோடும் ஆடினார்கள். முன்னாள் உலக சாம்பியன் மிகையில் தால் 13 ஆட்டங்களில் 12.5 புள்ளி எடுத்தார். அப்போதைய பெண்கள் உலக சாம்பியன் நோனா கப்ரிந்தாஷ்விலியும் அதில் ஆடினார். அந்த மாதிரிப் போட்டியில் இடம் என்றால் இடம்தான்; யாருக்கு யார் எதிராளி என்ற கேள்வியே இல்லை. 1980-களில் போட்டி ஓபன் ஆனது, கேள்வியும் பிறந்தது. இன்று துறைமுகத்தை ஒட்டிய ஹார்ப்பா அரங்கில், 2600-க்கு மேல் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ள கிராண்ட்மாஸ்டரும் 1500 ரேட்டிங் உள்ள பள்ளி மாணவியும் ஒரே பிரிவில், ஒரே கூரையின் கீழ் 9 சுற்றுகள் ஆடுகிறார்கள். 2018-ல் பாஸ்கரன் அதிபனும் 2022-ல் பிரக்ஞானந்தாவும் இந்தப் போட்டியில் முதலிடம் பெற்றவர்கள் என்பதால் உங்கள் வாசகர்களுக்கும் இது அந்நியப் போட்டி அல்ல.

இருநூறு பேருக்கு மேல் ஆடும் போட்டியை ஒன்பதே சுற்றில் முடிப்பது சுவிஸ் முறையால்தான். முதல் சுற்றில் ரேட்டிங் வரிசையை இரண்டாக வெட்டுகிறார்கள். 240 பேர் என்றால் 1-வது ஆள் 121-வது ஆளோடு, 2-வது ஆள் 122-வது ஆளோடு, இப்படியே 120-வது ஆள் 240-வது ஆளோடு. இரண்டாம் சுற்றிலிருந்து சம புள்ளி எடுத்தவர்கள் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் மறுபடி மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் ஜோடி. ஒருமுறை ஆடியவரோடு மறுபடி வராது. மூன்று சுற்று தொடர்ந்து ஒரே நிறக் காய் வராமலும் பார்த்துக்கொள்வார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு. கூட்டத்தில் ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவர் கீழ்க் கூட்டத்துக்கு இறக்கப்படுவார்.

இதையெல்லாம் மென்பொருள்தான் செய்கிறது. ஆனாலும் 'நடுவர் வேண்டுமென்றே போட்டுவிட்டார்' என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. 2017 ஜிப்ரால்டர் போட்டியில் சீன வீராங்கனை ஹோ யிஃபானுக்கு 10 சுற்றில் 7 பெண் எதிராளிகள் வந்தார்கள். கடைசிச் சுற்றில் நம் லலித் பாபுவிடம் ஐந்தே நகர்வில் வேண்டுமென்றே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துத் தன் எதிர்ப்பைக் காட்டினார். ஜோடியைத் தீர்மானித்தது புள்ளி, ரேட்டிங், காய் நிறம் ஆகியவைதான் என்று நடத்தியவர்கள் விளக்க வேண்டியதாயிற்று. உலகத் தரத்தில் ஆடுபவருக்கே அப்படித் தோன்றினால், பெற்றோருக்குத் தோன்றுவதைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஜோடி முறைதான் 'இடம்' என்ற எண்ணை ஏமாற்று எண்ணாக்குகிறது. 1850 ரேட்டிங் உள்ள 14 வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வந்த ஒன்பது பேரும் 2100 ரேட்டிங்காரர்கள். 9-க்கு 4 எடுக்கிறான். பட்டியலில் நூறுக்கும் கீழே எங்கோ கிடப்பான். செய்தியில் அவன் பெயர்கூட வராது. ஆனால் 250 புள்ளி அதிகமுள்ள எதிராளியிடம் அவனிடம் எதிர்பார்க்கப்படுவது ஆட்டத்துக்கு 0.19. ஒன்பது ஆட்டத்துக்கு 1.71. அவன் எடுத்தது 4. மிச்சம் 2.29. பதினெட்டு வயதுக்குள், 2300 ரேட்டிங்குக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கே எண் (இந்த மிச்சத்தை ரேட்டிங் புள்ளியாக்கப் பெருக்கும் எண்) 40. பெருக்கினால் ஒரே போட்டியில் 91.6 ரேட்டிங் புள்ளி ஏற்றம். அவன் ஆடிய தரம், அதாவது இந்த ஒரு போட்டியின் முடிவுகள் மட்டும் காட்டும் ரேட்டிங், 2057.

அதே அரங்கில் 2500 ரேட்டிங் உள்ள ஒருவர், சராசரியாக 2300 ரேட்டிங் எதிராளிகளோடு ஆடி 6.5 எடுக்கிறார். பட்டியலில் நல்ல உயரம். படம் போட்டுச் செய்தி வரும். அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது 6.84. கே எண் 10. ஆகவே அவருக்கு 3.4 புள்ளி இழப்பு. யாருக்கு நல்ல போட்டி, யாருக்குச் சுமாரான போட்டி என்பதை இடம் சொல்லவில்லை. இந்தக் கணக்குதான் சொல்கிறது.

முதல் சுற்று 'அதிர்ச்சி'களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். இருவரின் ரேட்டிங்குக்கும் இடையே 400-க்கு மேல் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே கணக்கு. கே எண் 10 உள்ள கிராண்ட்மாஸ்டர் ஜெயித்தால் கிடைப்பது 0.8, டிரா செய்தால் போவது 4.2, தோற்றால் 9.2. எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கோ தோற்றால் வெறும் 3.2 நட்டம், டிரா செய்தால் 16.8 லாபம், ஜெயித்தால் 36.8. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் ஓபன் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு இது ஒரு காரணம். (2025 அக்டோபரிலிருந்து 2650-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்த 400 வரம்பு இல்லை. உண்மையான வித்தியாசமே கணக்கில் வரும். 735-ஐத் தாண்டினால் ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது.)

அடுத்தது நார்ம், அதாவது ஒரு பட்டத்துக்குரிய தரத்தில் ஒரு போட்டியை ஆடி முடித்ததற்கான அங்கீகாரம். 'கிராண்ட்மாஸ்டர் நார்மை நழுவவிட்டார்' என்று எழுதுகிறீர்கள். எதனால் நழுவியது என்பது வருவதே இல்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று நார்ம் பொதுவாகத் தேவை. அவை மொத்தம் 27 ஆட்டங்களாவது இருக்க வேண்டும். ரேட்டிங் ஒருமுறையாவது 2500-ஐத் தொட வேண்டும். ஒரு நார்முக்கு 2600 தரத்தில் ஆடியிருக்க வேண்டும். ஒன்பது ஆட்டத்தில் 7 புள்ளி எடுத்தால் எதிராளிகளின் சராசரி 2380 போதும், அதற்குக் கீழே போகக் கூடாது. 6.5 எடுத்தால் சராசரி 2434 வேண்டும். 6 என்றால் 2475. 5.5 என்றால் 2520. எதிராளிகளின் சராசரியே 2600 என்றால் 4.5 புள்ளி எடுத்தாலே நார்ம்! பாதிப் புள்ளி எடுத்து, பட்டியலின் நடுவில் நின்று, கிராண்ட்மாஸ்டர் நார்மோடு வீடு திரும்ப முடியும். இதைத்தான் 'ஏமாற்றம்' என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஒன்பது எதிராளிகளில் மூவராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். ஐவராவது பட்டம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். கேண்டிடேட் மாஸ்டர் என்ற கீழ்நிலைப் பட்டம் இதில் சேராது. இவை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளைகள் அடிபடுவது வேறு இடத்தில்: முதல் சுற்று எதிராளி.

ஓபனில் நார்ம் தேடுபவர் பொதுவாக மேல்பாதியில் இருப்பார். ஆகவே முதல் சுற்றில் 1950 ரேட்டிங் உள்ள ஒருவர் வருவார். மற்ற எட்டுப் பேரின் சராசரி 2480 என்று வைத்தால் மொத்தச் சராசரி 2421-க்கு இறங்கிவிடும். அப்படியானால் 7 புள்ளி எடுத்தாக வேண்டும். இதற்கு ஒரு சலுகை உண்டு: ஒரே ஒரு எதிராளியை மட்டும் 2200 என்று உயர்த்திக் கணக்கிடலாம். சராசரி 2449 ஆகிறது; 6.5 போதும். சரி, அந்த முதல் சுற்றில் டிரா ஆகிவிட்டால்? இரண்டாம் சுற்றில் அரைப் புள்ளிக் கூட்டத்துக்குள் போய் இன்னொரு பலவீனமான எதிராளி, உதாரணமாக 2050, வந்து சேருவார். சலுகை ஒருவருக்குத்தான். சராசரி 2401. மறுபடி 7 புள்ளி தேவை, ஆனால் கையில் அரைப் புள்ளி ஏற்கெனவே போயாகிவிட்டது. முதல் நாள் மாலை நடந்த அந்த டிராவுக்கு விலை ஏழாம் நாள்தான் தெரியும். 'முதலில் டிரா செய்து சுலபமான எதிராளிகளைப் பிடிக்கலாம்' என்று சில பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் தந்திரம் பரிசுப் பணத்துக்கு எப்போதாவது உதவலாம். நார்முக்கு அது விஷம்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2018 ஜூனில் இத்தாலியின் ஓர்டிசேயில் நடந்த கிரெடினே ஓபனில், பிரக்ஞானந்தாவுக்கு மூன்றாவது நார்ம் தேற வேண்டுமானால் கடைசிச் சுற்றில் 2482-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர் எதிரில் வர வேண்டும் என்ற நிலை. 2514 ரேட்டிங் உள்ள டச்சு கிராண்ட்மாஸ்டர் ரோலண்ட் ப்ரைசர்ஸ் வந்தார். ஜோடிப் பட்டியல் வெளியான அந்த நிமிடம் ஒரு செய்தி. நம் பத்திரிகைகளில் மறுநாள் வந்ததோ வயது மட்டும்தான். மாக்னஸ் கார்ல்சனின் மூன்றாவது நார்மும் ஓபனில்தான், 2004 துபாயில்.

வெளிநாட்டார் விதி பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது இந்தியர்கள் ஒரே ஓபனுக்குப் போனால் அவர்களுக்குள்ளேயே ஜோடி வருவது தவிர்க்க முடியாதது. ரெய்க்யவிக் வரை போய்ப் பக்கத்துத் தெருப் பையனோடு ஆட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் இல்லை. சாதாரணமாக நார்முக்குச் சொந்த நாட்டு எதிராளிகள் ஒன்பதில் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு இரண்டு நாட்டவராவது வேண்டும். ஆனால் போட்டி நடத்தும் நாட்டைச் சேராத ரேட்டிங் ஆட்டக்காரர்கள் குறைந்தது 20 பேர், மூன்று நாடுகளிலிருந்தாவது, அவர்களில் 10 பேராவது சர்வதேச மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டம் உள்ளவர்களாக ஆடினால் இந்த நிபந்தனை தளர்கிறது. பெரிய ஓபன்கள் இதைச் சுலபமாகத் தாண்டும். சிக்கல் என்னவென்றால், மூன்று நார்மையும் இந்தத் தளர்வில் எடுக்க முடியாது. ஒன்றாவது வழக்கமான நிபந்தனைப்படி இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அரைப் புள்ளி 'பை' இன்னொரு பொறி. ஒரு சுற்று ஆடாமல் ஓய்வெடுத்து அரைப் புள்ளி வாங்கிக்கொள்ள ஓபன்களில் அனுமதி உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கடைசிச் சுற்றுகளில் பொதுவாகத் தரமாட்டார்கள். ஆனால் 9 சுற்றுப் போட்டியில் பை எடுத்தால் ஆடியது 8 ஆட்டம். நார்முக்கு 9 வேண்டும். குளிரிலும் விமானக் களைப்பிலும் வரும் பிள்ளைக்கு இரண்டாம் நாள் காலை ஒரு பை எடுத்துக்கொடுக்கும் பெற்றோர், நார்ம் வாய்ப்பை அன்றே மூடிவிடுகிறார்கள்.

களைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்பது ஓபன்களில் வழக்கமான நேரம். 60 நகர்வு ஆட்டம் என்றால் ஒருவருக்கு 150 நிமிடம், இருவருக்கும் சேர்த்து 5 மணி நேரம். 100 நகர்வு போனால் 5 மணி 40 நிமிடம். இரட்டைச் சுற்று நாளில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் ஆட்டம் என்றால், அரங்கில் ஒரே ஒரு போர்டில் யானை-சிப்பாய் முடிவாட்டம் இழுத்துக்கொண்டிருந்தால் போதும். அடுத்த சுற்று ஜோடிப் பட்டியல் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்புதான் வரும். தயாரிப்பு கிடையாது, சாப்பாடும் பாதி. மாலை ஆட்டத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பாதிக்கு வயிறுதான் பொறுப்பு.

கடைசிச் சுற்று தனி உலகம். 2022 ரெய்க்யவிக்கில் கடைசிச் சுற்றில் பிரக்ஞானந்தா குகேஷை வென்று 7.5 புள்ளியோடு தனியே முதலிடம் பெற்றார். அவருக்குப் பின்னால் 7 புள்ளியில் நால்வர். சுவிஸ் பட்டியலின் உச்சியில் ஆட்கள் இப்படித்தான் நெருக்கியடித்து நிற்பார்கள். முன்னணியில் இருந்தவர் கடைசி ஆட்டத்தில் தோற்றால், சம புள்ளியில் நிற்கும் ஒரு பெரிய கும்பலுக்குள் போய் விழுவார். எட்டுச் சுற்று நன்றாக ஆடிய ஒருவர் ஒரே ஆட்டத்தில் பத்துப் பதினைந்து இடம் சரிவதைச் 'சறுக்கல்' என்று பெரிதாக எழுதுவது நியாயமில்லை.

அந்தக் கும்பலுக்குள் வரிசை போடுவது டை-பிரேக். பரவலாக இருப்பது புக்கோல்ட்ஸ்: உங்கள் எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். உங்கள் ஆட்டம் முடிந்து நீங்கள் ஓட்டலுக்குப் போய்விட்ட பிறகும், முதல் சுற்றில் உங்களிடம் தோற்ற யாரோ ஒருவர் 90-வது போர்டில் ஜெயிப்பதா தோற்பதா என்பதைப் பொறுத்து நீங்கள் 9-வதா 13-வதா என்பது மாறும். ஆகவே ஒரே புள்ளி எடுத்தவர்களை '9-13 இடங்களில்' என்று சேர்த்து எழுதுவதே சரி. 2013-ல் ரெய்க்யவிக்கில் பாவெல் எல்யானோவ், வெஸ்லி சோ, பஸ்ஸெம் அமீன் மூவரும் 10-க்கு 8 எடுத்தார்கள். கோப்பை டை-பிரேக்கில் எல்யானோவுக்கு. மற்ற இருவரை அவரிடம் 'தோற்றவர்கள்' என்று எழுத முடியுமா?

உங்கள் அச்சு நேரச் சிக்கலும் எங்களுக்குத் தெரியும். ஐஸ்லாந்து கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 3 மணி ஆட்டம் இங்கே இரவு 8.30-க்குத் தொடங்கி, நீண்ட ஆட்டங்கள் 1.30 தாண்டித்தான் முடியும். நகரப் பதிப்புக்குள் வரும் முடிவுகள் சீக்கிரம் முடிந்த ஆட்டங்களுடையவை. நள்ளிரவில் பார்த்தால், டிரா செய்துவிட்டு எழுந்தவர்கூட 'முன்னிலை'யில் தெரிவார். சுற்று முடியாத நிலையில் முன்னிலை என்று போடாமல், 'இத்தனை ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இணையத்திலிருந்து ஆட்டக் குறிப்பை எடுத்துப் போடும்போதும் கவனம் தேவை. நேரலைக்கு இணைத்த மின்னணுப் பலகையில், ஆட்டம் முடிந்ததும் முடிவைத் தெரிவிக்க இரு ராஜாக்களையும் நடுக் கட்டங்களில் வைப்பார்கள்: வெள்ளை ஜெயித்தால் ஈ4, டி5 ஆகிய வெள்ளைக் கட்டங்களில், கறுப்பு ஜெயித்தால் டி4, ஈ5 ஆகிய கறுப்புக் கட்டங்களில். சில நேரம் பலகை அதையும் ஒரு நகர்வாகப் பதிந்துவிடும். ஆட்டக்காரர்கள் அதே பலகையில் காய்களை நகர்த்தி அலசத் தொடங்கினால், நடக்காத நகர்வுகள் நான்கைந்து கூடிவிடும். முப்பதாம் நகர்வில் வெள்ளை ராஜா ஜி1-லிருந்து திடீரென்று ஈ4-க்குப் பாய்ந்தால் அது ஆட்டத்தில் நடந்ததல்ல. அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

பெயர் பற்றிச் சின்னதாக ஒன்று. ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. பின்னால் வருவது அப்பா பெயர். ஹ்யோர்வார் ஸ்டெய்ன் க்ரெதார்சனை 'ஹ்யோர்வார்' என்று எழுதுங்கள். பிரக்ஞானந்தாவை 'ரமேஷ்பாபு' என்று எழுதும் வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் அல்லவா?

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். ஓபன் போட்டி முடிந்ததும், நம் ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி, எதிராளிகளின் சராசரி ரேட்டிங், ஆடிய தரம், ரேட்டிங் ஏற்ற இறக்கம், நார்ம் உண்டா இல்லையா என்று ஒரு சிறு கட்டம் போடுங்கள். இடத்தை அதே கட்டத்தின் கடைசியில், சமநிலையோடு சேர்த்துப் போடலாம். எல்லா எண்ணும் போட்டியின் முடிவுப் பக்கத்தில் ஆட்டக்காரர் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். நார்ம் மட்டும் சந்தேகமாக இருந்தால் தலைமை நடுவரின் சான்றிதழ் வரும்வரை 'நார்ம் தகுதி' என்று எழுதுங்கள். சான்றிதழ் வந்த பிறகு 'நார்ம்' என்று எழுதலாம்.

இப்படிக்கு,
சதுரங்க நடுவர்கள், பயிற்சியாளர்கள் சிலர்
சென்னை